597 மீட்டர் மலை, 13 வருஷ வேலை

மலை ஏறினவங்க யாராவது ஒருத்தர் பேர் சொல்லுங்கன்னு கேட்டா, நம்மில் பெரும்பாலானோர் ஹிலாரி, டென்சிங் என்றுதான் சொல்வோம். 1953 மே 29, எவரெஸ்ட், 8848 மீட்டர். பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் பண்ணி வைத்த பதில்.

அதே 1953இல், இங்கிலாந்தின் வடக்கே கெண்டல் என்ற சின்ன ஊரில் ஒருவர் இருந்தார். வயது 46. நகராட்சியில் வரவு செலவு பார்க்கும் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, மேஜை முன்னால் உட்கார்ந்து, மை பேனாவால் மலைகளை வரைந்துகொண்டிருந்தார். அவர் வரைந்த மலைகளில் ஒன்றுகூட ஆயிரம் மீட்டரைத் தொடாது. அவருக்கு ரொம்பப் பிடித்த மலையின் உயரம் 597 மீட்டர்தான்.

அவர் பேர் ஆல்ஃபிரட் வெயின்ரைட். அவர் செத்துப்போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனா இன்னிக்கும் இங்கிலாந்தில் மலை நடக்கிற ஒருத்தரிடம் போய் "எத்தனை வெயின்ரைட் முடிச்சீங்க?" என்று கேட்டால், அவர் உடனே ஒரு எண்ணைச் சொல்வார். மனுஷன் பேரே மலைகளின் பேராகிவிட்டது. எப்படி என்பதைத்தான் பார்க்கப் போறோம். இதில் நமக்கும், குறிப்பா முதல் செமஸ்டரில் டிராயிங் ஷீட்டோடு மல்லுக்கட்டிய எல்லோருக்கும், கொஞ்சம் விஷயம் இருக்கு.

பதிமூணு வயசில் வேலை

1907 ஜனவரி 17. லங்காஷயரில் உள்ள பிளாக்பர்ன் என்ற பருத்தி மில் ஊரில் பிறந்தார் வெயின்ரைட். அப்பா கல் வேலை செய்யும் கொத்தனார். குடிப்பழக்கம் உள்ளவர். வேலை இருக்கும் நாள் குறைவு, கையில் காசு நிற்கும் நாள் அதைவிடக் குறைவு. நாலு பிள்ளைகளில் கடைசிப் பையன் இவர். வீட்டை இழுத்துப் பிடித்து நடத்தியது அம்மாதான்.

பையன் படிப்பில் கெட்டி. கிட்டத்தட்ட எல்லாப் பாடத்திலும் முதல் இடம். ஆனாலும் 13 வயசில் பள்ளிக்கூடத்தை விட வேண்டியதாயிற்று. கூடப் படித்தவர்களில் பெரும்பாலோர் மில்லுக்குப் போனார்கள். இவருக்கு வேறு ஓர் இடம் கிடைத்தது. எங்கே தெரியுமா? நகராட்சிப் பொறியாளர் அலுவலகத்தில், ஆபீஸ் பையன் வேலை.

பிறகு அதே நகராட்சியின் கணக்குப் பிரிவுக்கு மாறினார். பகலில் வேலை, ராத்திரியில் படிப்பு. வருஷக்கணக்கில் இரவு வகுப்புகளுக்குப் போய், தேர்வுகள் எழுதி, கணக்காளராகத் தகுதி பெற்றார்.

இதற்கு நடுவே ரெண்டு பழக்கம் சின்ன வயசிலிருந்தே அவரிடம் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று, நடப்பது. ஒரே நாளில் 20 மைல்கூட நடப்பாராம். இன்னொன்று, வரைபடம் வரைவது. சொந்த ஊர்ச் சுற்றுவட்டாரத்தையும் இங்கிலாந்தையும் தானே வரைந்து பார்ப்பார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எந்தத் தேர்வுக்கும் அது உதவவும் இல்லை.

அரை மணி நேர மலை

1930. வயது 23. காசு சேர்த்து, ஒரு வாரம் லீவு போட்டு, சித்தப்பா பிள்ளையோ மாமா பிள்ளையோ மாதிரியான ஓர் உறவுக்காரப் பையன் எரிக் பியர்ட்ஸாலோடு லேக் டிஸ்ட்ரிக்ட்டுக்குக் கிளம்பினார்.

லேக் டிஸ்ட்ரிக்ட் என்பது இங்கிலாந்தின் வடமேற்கு மூலை. ஏரிகளும் மலைகளும் நெருக்கியடித்துக் கிடக்கும் இடம். 1951இல் தேசியப் பூங்காவாகவும், 2017இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடமாகவும் அறிவித்தார்கள். அந்த ஊர்ப் பக்கம் மலையை 'ஃபெல்' என்பார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் கடல் தாண்டி வந்து குடியேறிய நார்ஸ் மக்கள் விட்டுப்போன சொல். புல்லும் பாறையுமாக, ஆடு மேயும் மொட்டை மலைகள். ஏறுவதற்குக் கயிறும் வேண்டாம், ஆக்ஸிஜனும் வேண்டாம். நல்ல ஷூ, மழைக்கோட்டு, ஒரு வரைபடம் போதும். இங்கிலாந்திலேயே உயரமான ஸ்காஃபெல் பைக் இங்கேதான் இருக்கு. அதன் உயரமே 978 மீட்டர்தான்.

ரெண்டு பேரும் விண்டர்மியர் ஊரில் வந்து இறங்கினார்கள். பக்கத்திலேயே ஆரஸ்ட் ஹெட் என்று ஒரு குன்று. உயரம் 239 மீட்டர். ரயில் நிலையத்திலிருந்து மரங்களுக்கு நடுவே வளைந்து போகும் பாதை. மெதுவா நடந்தாலும் அரை மணி நேரம். அவ்ளோதான்.

மேலே போய் நின்றதும், அதுவரை மரம் மறைத்துக்கொண்டிருந்தது எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொண்டது. கீழே விண்டர்மியர் ஏரி, அந்த நாட்டிலேயே பெரிய ஏரி. எதிரே அலை அலையா மலை வரிசை. பிறந்ததிலிருந்து மில் புகைபோக்கிகளைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு அது வேறு உலகம். தன் வாழ்க்கை திரும்பிய இடம் அதுதான் என்று பின்னாளில் அவரே எழுதினார். அந்த 239 மீட்டர் குன்றை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

இங்கே ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. ஒருத்தர் வாழ்க்கையை மாற்ற எவ்வளவு உயரம் தேவைப்பட்டது? பெரிய அடுக்குமாடிக் கட்டடங்கள் இதைவிட உயரம்.

சம்பளம் குறைஞ்சாலும் சரி

பார்த்த உடனே வேலையை விட்டுவிட்டு மலைக்கு ஓடிவிட்டார் என்று நினைக்காதீங்க. அவர் அப்படிப்பட்ட ஆள் கிடையாது. ஊருக்குத் திரும்பினார். கணக்கு எழுதினார். 1931இல் மில் தொழிலாளியான ரூத் ஹோல்டன் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரு மகன் பிறந்தான், பீட்டர். லீவு கிடைக்கும்போது மட்டும் மலைப் பக்கம்.

இப்படியே 11 வருஷம் ஓடியது. 1941இல் கெண்டல் நகராட்சியின் பொருளாளர் அலுவலகத்தில் ஓர் இடம் காலியானது. கெண்டல், லேக் டிஸ்ட்ரிக்ட்டின் வாசலில் இருக்கும் ஊர். ஆனா அந்த வேலைக்குச் சம்பளம் பிளாக்பர்னில் வாங்கியதைவிடக் குறைவு. அவர் ஒத்துக்கொண்டார்.

பிளேஸ்மென்ட் சீசனில் இதைப் படிக்கிறவங்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமா இருக்கலாம். பேக்கேஜ் குறையும் வேலைக்கு யாராவது தானா போவாங்களா? அவர் போனார். காரணம், ஜன்னலைத் திறந்தால் எது தெரிய வேண்டும் என்பது அவருக்குத் தெளிவா தெரிந்திருந்தது. வேலையை அவர் மட்டமா நினைக்கவும் இல்லை. 1948இல் அதே நகராட்சியின் பொருளாளரானார். 1967இல் ஓய்வு பெறும்வரை அந்தப் பதவியில் இருந்தார். அவர் கணக்குப் பேரேடுகளின் கையெழுத்தே அச்சு மாதிரி இருக்குமாம். மலைப் புத்தகங்களுக்கு அது ஒரு முன்னோட்டம்.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம்

1952 நவம்பர் 9. அன்றைக்கு ராத்திரிதான் அவர் முதல் பக்கத்தைத் தொடங்கினார்.

திட்டம் இது: லேக் டிஸ்ட்ரிக்ட்டில் உள்ள முக்கியமான ஒவ்வொரு மலையிலும் ஏற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எல்லாப் பக்கத்திலிருந்தும் உள்ள வழிகளை நடந்து பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் கையாலேயே எழுதி, கையாலேயே வரைந்து ஏழு புத்தகமாக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 214 மலைகள். தனக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று கணக்காளர் மூளையோடு கணக்குப் போட்டார். விடை: 13 வருஷம்.

முதலில் தனக்காகத்தான் இதைச் செய்ய நினைத்தார். வயசாகி நடக்க முடியாமல் போகும் காலத்தில் எடுத்துப் பார்க்க ஒரு நினைவுப் புத்தகம். அவ்வளவே.

அவரிடம் கார் இல்லை, ஓட்டவும் தெரியாது. வார இறுதியில் காலை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போவார். நாள் முழுக்கத் தனியா நடப்பார். சாதாரண கேமராவில் படம் எடுப்பார், குறிப்பு எழுதுவார். கடைசி பஸ்ஸில் வீடு திரும்புவார். திங்கள் முதல் பகலில் நகராட்சிக் கணக்கு, ராத்திரியில் மலை. சராசரியா ஒரு மாலைக்கு ஒரு பக்கம்.

தொடங்கிய சில மாதங்களில் சுமார் 100 பக்கங்கள் முடிந்தன. எடுத்து வைத்துப் பார்த்தார். எழுத்து இடது ஓரத்தில் நேரா இருந்தது. வலது ஓரம் மட்டும் மேலும் கீழுமா, பல்லு பல்லா இருந்தது. நாம் கம்ப்யூட்டரில் டைப் பண்ணும்போது ஒரு பட்டனை அழுத்தி ரெண்டு ஓரத்தையும் நேராக்குவோம், இல்லையா? அவரிடம் அந்தப் பட்டன் இல்லை. அந்த 100 பக்கத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை ஒவ்வொரு வரியையும் எழுதுவதற்கு முன்பே எழுத்துகளுக்கு இடையே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று திட்டமிட்டு, ரெண்டு ஓரமும் நேரா வரும்படி கையாலேயே எழுதினார். ஏழு புத்தகமும் அப்படித்தான்.

ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம் திரும்ப எழுதச் சொன்னாலே நமக்கு எப்படி இருக்கும்!

முதல் புத்தகமான 'கிழக்கு ஃபெல்கள்' 1955இல் வந்தது. அச்சுக்கோக்கிற வேலையே கிடையாது, அவர் எழுதிய பக்கத்தையே அப்படியே அச்சுத் தகடாக்கினார்கள். மொத்தம் 2000 பிரதி. அச்சுச் செலவுக்குத் தேவையான பணம் அவரிடம் இல்லவே இல்லை. விற்க விற்கக் கொடுங்கள் என்று உள்ளூர் அச்சகம் நம்பி அடித்துக் கொடுத்தது. பதிப்பாளர் என்ற இடத்தில் கெண்டல் நூலகர் ஹென்றி மார்ஷலின் பேர் இருந்தது. ஆசிரியர் பேர் வெறும் ஏ. வெயின்ரைட். கூச்ச சுபாவம் அவ்வளவு.

புத்தகம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனது. 1957, 1958, 1960, 1962, 1964 என்று அடுத்தடுத்து வந்து, ஏழாவது புத்தகமான 'மேற்கு ஃபெல்கள்' 1966இல் வெளியானது. 1952இல் போட்ட 13 வருஷக் கணக்கு கிட்டத்தட்ட அப்படியே பலித்தது. புராஜெக்ட் டெட்லைன் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

ஒவ்வொரு புத்தகத்தையும் யாருக்குச் சமர்ப்பணம் செய்தார் என்பது தனி சுவாரசியம். முதல் புத்தகம், அரசு நில அளவைத் துறையின் வரைபடக்காரர்களுக்கு. ரெண்டாவது, மலைச் சரிவுகளில் கல் சுவர் கட்டிய பேர் தெரியாத தொழிலாளிகளுக்கு. பிறகு நாய்களுக்கு ஒன்று, ஆடுகளுக்கு ஒன்று, தனியா நடப்பவர்களுக்கு ஒன்று. ஆறாவது புத்தகம் அவருடைய சொந்த ரெண்டு கால்களுக்கு!

நம்ம டிராயிங் ஷீட்டும் அவர் பக்கமும்

இப்போ நம்ம பாடத்துக்கு வருவோம். எஞ்சினியரிங் கிராஃபிக்ஸில் என்ன படித்தோம்? மேலிருந்து பார்த்தால் டாப் வியூ, முன்னாலிருந்து பார்த்தால் ஃப்ரண்ட் வியூ, மூணு பக்கமும் சேர்ந்து தெரிய ஐசோமெட்ரிக். ஒவ்வொன்றுக்கும் தனித் தனிக் கட்டம். ஒன்றை இன்னொன்றோடு கலந்தால் மார்க் போச்சு.

வெயின்ரைட் கலந்தார். அதுதான் அவர் கண்டுபிடிப்பு.

மலைக்கு வழி காட்டும் அவரது படத்தின் கீழ்ப்பகுதியைப் பாருங்க. அது சாதாரண வரைபடம். ரோடு, வேலி, ஓடை, பண்ணை வீடு எல்லாம் டாப் வியூவில் இருக்கும். கண்ணை மெதுவா மேலே நகர்த்தினால், எந்த இடத்தில் மாறியது என்றே தெரியாமல் அந்தத் தட்டையான வரைபடம் நிமிர்ந்து நிற்க ஆரம்பிக்கும். உச்சிப் பக்கம் வரும்போது, பறவை எதிரிலிருந்து பார்ப்பது மாதிரி பாறையும் முகடும் முப்பரிமாணத்தில் நிற்கும்.

ஏன் அப்படி வரைந்தார்? நடக்கிறவனின் தேவையை யோசிச்சுப் பாருங்க. அடிவாரத்தில் அவனுக்கு எந்த கேட்டைத் தாண்ட வேண்டும், ஓடையின் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிய வேண்டும். அதற்கு டாப் வியூதான் சரி. மேலே போகப் போக கேட்டும் இல்லை, வேலியும் இல்லை. எதிரே நிற்கும் பாறையின் உருவம்தான் அடையாளம். அதற்கு முன்தோற்றம் வேண்டும். ரெண்டு தேவையையும் ஒரே தாளில் தீர்த்தார். டிராஃப்டிங் விதிப்படி அது தப்பு. பயன்படுத்துகிறவன் பக்கம் நின்று பார்த்தால் அதைவிடச் சரியான படம் கிடையாது.

இதோடு உச்சியிலிருந்து சுற்றிலும் தெரியும் மலைகள் என்னென்ன என்று ஒவ்வொன்றுக்கும் பேர் எழுதிய காட்சிப் படம், அடுத்த மலைக்கு முகட்டு வழியா எப்படிப் போவது, எத்தனை மைல், எத்தனை அடி ஏற்றம் என எல்லாமே ஒவ்வொரு மலைக்கும் உண்டு. 290 மீட்டரே இருக்கிற காஸில் கிராக் என்ற குட்டி மலையும் அந்த 214இல் ஒன்று. சின்ன மலைதானே என்று அதைத் தட்டிக் கழிக்கவில்லை.

இன்னொரு சமாச்சாரம். 2005 முதல் 2009 வரை இந்தப் புத்தகங்களைக் கிறிஸ் ஜெஸ்டி என்பவர் திருத்திப் புதுப்பித்தபோது, வெயின்ரைட்டின் கையெழுத்தைப் போலவே ஒரு கம்ப்யூட்டர் எழுத்துருவைப் பயன்படுத்தினார்கள். மனுஷன் எழுத்து அச்சு மாதிரி இருந்தது. கடைசியில் அச்சு அவர் எழுத்து மாதிரி ஆனது.

ஹேஸ்டாக்ஸ் ஏறுவோமா?

214இல் அவருக்கு ரொம்பப் பிடித்தது எது என்று ஆரம்பத்தில் சொன்னேன். பேர் ஹேஸ்டாக்ஸ். ஆங்கிலத்தில் வைக்கோல் போர் என்ற பொருள் வரும். 597 மீட்டர். சுற்றியிருக்கும் மலைகளுக்கு நடுவே இது குள்ளம். பக்கத்தில் ஹை ஸ்டைல் 807 மீட்டர், எதிரே பில்லர் 892, கொஞ்சம் தள்ளி கிரேட் கேபிள் 899. ஆறு அண்ணன்களுக்கு நடுவே நிற்கும் கடைக்குட்டி மாதிரி.

வாங்க, நடந்தே போய்ப் பார்க்கலாம்.

பட்டர்மியர் ஏரியின் தென்கிழக்கு முனையில் கேட்ஸ்கார்த் என்ற பண்ணை. அங்கிருந்துதான் நிறையப் பேர் கிளம்புவார்கள். முதலில் சமதளமான மேய்ச்சல் நிலம். அதைத் தாண்டியதும் சரிவின் குறுக்கே பாதை ஏறும். அவசரப்படாதீங்க. மூச்சு வாங்கும்போது திரும்பிப் பார்த்தால் ஏரி கீழே இறங்கிக்கொண்டே போகும். முக்கால் பங்கு ஏற்றம் முடிந்ததும் ஸ்கார்த் கேப் என்ற கணவாய். பழைய காலத்தில் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போக மக்கள் பயன்படுத்திய வழி. அந்தப் பக்கம் என்னர்டேல் பள்ளத்தாக்கு தெரியும். காத்து சட்டென்று திசை மாறும்.

கணவாயிலிருந்து இடப்பக்கம் திரும்பினால்தான் ஹேஸ்டாக்ஸ் தன் குணத்தைக் காட்டும். பாதை பாறைகளுக்கு இடையே புகும். சில இடத்தில் கால் மட்டும் போதாது, கையையும் ஊன்ற வேண்டும். ஆபத்தான ஏற்றம் இல்லை. ஆனா மழை பெய்து பாறை ஈரமா இருந்தால் நிதானம் வேண்டும். பத்து நிமிஷம் போனால் ஒரு மேடு வரும், உச்சி என்று நினைப்பீங்க. இல்லை. அடுத்த மேடு. அதுவும் இல்லை.

உச்சிக்கு வந்தால் ரெண்டு பாறை முகடுகள், நடுவே குட்டியா ஒரு நீர்த்தேக்கம். ஒரு பக்கம் பட்டர்மியர், கிரம்மக் வாட்டர் என்று ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக. இன்னொரு பக்கம் பில்லரும் கிரேட் கேபிளும் சுவர் மாதிரி. உயரமான மலையின் உச்சியிலிருந்து பார்த்தால் மற்ற மலைகள் கீழே கிடக்கும். இங்கே நீங்க நடுவில் நிற்பீங்க, மலைகள் சுற்றி நின்று உங்களைப் பார்க்கும். குள்ளமா இருப்பதால் கிடைக்கும் காட்சி அது.

உச்சியோடு முடிந்துவிடவில்லை. மேற்பரப்பு முழுக்க மேடும் பள்ளமும், ஹெதர் செடியும், பாறை இடுக்குகளும், சுனைகளும். பத்தடிக்கு ஒரு புது விஷயம். பனிமூட்டம் வந்தால் வழி தவறுவதும் இதனால்தான். வரைபடம் இல்லாமல் சுற்றக் கூடாத இடம். சுனைகளில் ஒன்றுக்கு இன்னாமினேட் டார்ன் என்று பேர். அதன் பொருளே பெயரில்லாத சுனை என்பதுதான். அதன் கரையில் கொஞ்ச நேரம் உட்காருங்க. பிறகு பிளாக்பெக் சுனை வழியா இறங்கி, வார்ன்ஸ்கேல் பள்ளத்தாக்கு வழியே கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம். மொத்தம் சுமார் 500 மீட்டர் ஏற்றம், நிதானமா நடந்தால் அரை நாள்.

ஏழாவது புத்தகத்தின் கடைசியில் வெயின்ரைட் தன் கணக்கில் சிறந்த ஆறு ஃபெல்களைப் பட்டியல் போட்டார். அதில் ஹேஸ்டாக்ஸ் இல்லை. மனசுக்குப் பிடித்தது வேறு, அளந்து மதிப்பிட்டுச் சொல்வது வேறு என்று பிரித்துப் பார்த்தார். ஆனா விட்டுப்போன மலைகளில் இதை விட்டதுதான் தனக்கு ரொம்ப வருத்தம் என்று அங்கேயே எழுதியும் வைத்தார். கணக்காளர் ஒருவர் தன் காதலைக் கணக்கில் சேர்க்காமல் விட்ட இடம் அது.

வீட்டில் இருந்தவங்க

இதுவரை சொன்னதை மட்டும் வைத்து இவரை ஒரு போஸ்டராக்கி ஹாஸ்டல் சுவரில் ஒட்டிவிடலாம். ஆனா முழுக் கதை அது இல்லை.

வார நாட்களில் ஆபீஸ், ராத்திரியில் மேஜை, வார இறுதியில் மலை. அப்போ வீட்டுக்கு? மிச்சம் எதுவும் இல்லை. ரூத்தோடு நடந்த கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே சந்தோஷமானதா இல்லை. அந்த 13 வருஷமும் அவர்கள் ஒரே வீட்டில் கிட்டத்தட்டப் பேச்சே இல்லாமல் வாழ்ந்தார்கள். மகனோடும் நெருக்கம் வளரவில்லை. 1967இல், அவர் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன், ரூத் வீட்டை விட்டுப் போய்விட்டார். விவாகரத்து ஆனது. 1970இல் பெட்டி மெக்னலி என்பவரை அவர் மணந்துகொண்டார். பெட்டி கார் ஓட்டுவார், கூடவே நடப்பார். பிந்தைய வருஷங்கள் நிம்மதியாகவே போயின.

ஒரு பக்கம் எழுதினால் ஒரு மாலை போகும். அந்த மாலை யாருடையது என்ற கேள்வி அவர் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. ரூத் அவற்றுக்குக் கொடுத்த விலை எந்த அட்டையிலும் அச்சாகவில்லை. ஒன்றில் முழுசா இறங்குவதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், ஸ்டேட்டஸ் வைக்கிறோம். இறங்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்பது அவர் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு பாதி.

புத்தகங்கள் வேறொரு சிக்கலையும் கொண்டுவந்தன. அவர் மலைக்குப் போனதே தனிமைக்காக. எதிரே ஆள் வந்தால் பேசாமல் ஒதுங்கிப் போகும் ரகம். ஆனா அவர் புத்தகங்கள் 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றன. அத்தனை பேரும் அதே பாதையில் நடந்தால் என்ன ஆகும்? புல் தேய்ந்து, மண் அரித்து, சரிவுகளில் தழும்பு விழுந்தது. கூட்டம் பெருகியதற்கு அவர் ஒருவரே காரணம் கிடையாது, ஆனா அவருக்கும் பங்கு உண்டு. இன்று அங்கே 'ஃபிக்ஸ் த ஃபெல்ஸ்' என்ற அமைப்பின் ஆட்களும் தன்னார்வலர்களும் கல் பாவி, நீர் வடியும் வழி அமைத்து, பாதைகளைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள். சிவில் படிக்கிறவங்க கவனிங்க: மலைப்பாதையின் முதல் எதிரி கால் இல்லை, அந்தக் கால் தேய்த்த தடத்தில் ஓடும் தண்ணி.

கடைசி ஏற்றம்

ஓய்வுக்குப் பிறகும் அவர் பேனா நிற்கவில்லை. 1968இல் பென்னைன் வே பாதைக்கு வழிகாட்டி. 1973இல் இன்னும் பெரிய வேலை: மேற்குக் கடற்கரையில் செயின்ட் பீஸிலிருந்து கிழக்குக் கடற்கரையில் ராபின் ஹூட்ஸ் பே வரை, இங்கிலாந்தை அகலவாக்கில் கடக்கும் சுமார் 190 மைல் நடைவழியைத் தானே வகுத்துப் புத்தகமாக்கினார். கோஸ்ட் டு கோஸ்ட் என்ற அந்த வழியைத் தேசிய நடைபாதையாக்க 2022இல் அரசு ஒப்புதல் தந்தது. தான் வகுத்ததே சரி என்றும் அவர் சொல்லவில்லை. வரைபடத்தை விரித்து உங்களுக்கான வழியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர் நிலைப்பாடு.

பணம் வந்தது. அவர் வாழ்க்கை மாறவில்லை. ராயல்டியின் பெரும்பகுதி, கைவிடப்பட்ட நாய் பூனைகளைக் காப்பாற்றும் கும்ப்ரியா அமைப்புக்குப் போனது. கெண்டல் பக்கத்தில் அவற்றுக்கென ஒரு காப்பகமே எழுந்தது. 1980களில் பிபிசி தொலைக்காட்சி அவரை மலைக்குக் கூட்டிப்போய்ப் படமெடுத்தது. குறைவாகப் பேசும் அந்தப் பெரியவரை நாடே பார்த்தது.

அதற்குள் கண் பார்வை மங்கத் தொடங்கிவிட்டது. முடி பருமனில் கோடு போட்டவருக்குக் கோடே தெரியவில்லை. ஹேஸ்டாக்ஸுக்குக் கடைசியா போன நாளில் நல்ல மழை. கண்ணாடியில் தண்ணி வழிய, கால் வைக்கும் இடம் சரியா தெரியாமல் நடந்தார். அதற்குப் பிறகு அவர் அந்த மலைக்குப் போகவில்லை.

உயிரோடு போகவில்லை என்று சொல்ல வேண்டும். 1991 ஜனவரி 20 அன்று, 84 வயதில் இறந்தார். தன் சாம்பலை எங்கே தூவ வேண்டும் என்று ரொம்ப வருஷம் முன்பே எழுதி வைத்திருந்தார். இங்கிலாந்தின் உயரமான சிகரத்தை அவர் கேட்கவில்லை. ஹேஸ்டாக்ஸில், அந்தப் பெயரில்லாத சுனைக்கரையைத்தான் கேட்டார். பெட்டி அதை அப்படியே நிறைவேற்றினார்.

பட்டர்மியர் ஊரில் செயின்ட் ஜேம்ஸ் என்று ஒரு சின்ன தேவாலயம் இருக்கு. அதன் ஜன்னல் ஒன்றில் வெயின்ரைட்டுக்கு ஒரு நினைவுக் கல் பதித்திருக்கிறார்கள். சிலை இல்லை, மண்டபம் இல்லை. கல்லைப் படித்துவிட்டு நிமிர்ந்து அந்த ஜன்னல் வழியே பார்த்தால், தூரத்தில் ஹேஸ்டாக்ஸ் தெரியும். என்றைக்காவது அந்தப் பக்கம் போக வாய்ப்பு கிடைத்தால் முதலில் அங்கே போய் நில்லுங்க. பிறகு ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு கேட்ஸ்கார்த்துக்கு நடங்க. அரை நாள்தான். மழைக்கோட்டை மட்டும் மறக்காதீங்க.